அடத்துக்குப் பதிவேடு இல்லை

திருவாலங்காடு ஒன்றியத்தில் பிறக்கும் ஒரு குழந்தையின் எடை, ஐந்து வயதுக்குள் எத்தனையோ முறை எழுதப்பட்டுவிடுகிறது. பால்வாடி டீச்சர் மாதாமாதம் எடை பார்க்கிறார், உயரம் அளக்கிறார், போதாக்குறைக்கு அதைக் கைப்பேசியில் போஷன் டிராக்கர் செயலியிலும் ஏற்றுகிறார். எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது என்பது கிராம சுகாதாரச் செவிலியரின் ஏட்டில் இருக்கிறது. அதே குழந்தை நான்கு வயதில் கடைவாசலில் மண்ணில் புரண்டு அழுவதையும், தங்கச்சியைக் கடிப்பதையும், சோற்றுத் தட்டைத் தட்டிவிடுவதையும் எழுதிவைக்க எந்த ஏடும் கிடையாது. அது வீட்டு விஷயம். “செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கா” என்பார் மாமியார். “எல்லாம் அவங்க அப்பா புத்தி” என்பார் மருமகள். அதோடு பேச்சு முடிந்துவிடும். மறுநாள் சாயங்காலம் அதே கடைவாசலில் அதே கூத்து.

பிள்ளையின் சேட்டைக்குப் பெற்றோரைக் கூப்பிட்டு, பத்துப் பன்னிரண்டு பேராக உட்காரவைத்து, வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம் என்று மூன்று நான்கு மாதம் பயிற்சி கொடுக்கும் முறை மேற்கு நாடுகளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. பிள்ளைகளின் மனநலத்துக்கென்று உள்ள சிகிச்சைகளில் இந்த அளவுக்குச் சோதித்துப் பார்க்கப்பட்டவை சிலவே. அது பலன் தருகிறதா, தருகிறதென்றால் அதில் எந்தப் பகுதி தருகிறது, திருத்தணிப் பக்கத்து வீடுகளுக்குள் வந்தால் அது என்ன ஆகும் என்பவற்றைச் சேர்த்துப் பார்க்க இப்போது போதுமான ஆதாரம் இருக்கிறது. அதில் முக்கியமான ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, காட்பாடியில் இறங்கினால் வந்துவிடும் வேலூரில் கிடைத்தது. அதை நாம்தான் அதிகம் பேசாமல் விட்டுவிட்டோம்.

எது பிரச்சினை, எது வயசு

எல்லா அடமும் நோயில்லை. மொண்ட்ரியாலில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளேயும் அவருடைய குழுவினரும் பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து ஒன்றைக் காட்டினார்கள்: மனிதர் தம் வாழ்நாளில் மிக அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் இரண்டு, மூன்று வயதை ஒட்டித்தான். பேச்சு வர வர, காத்திருக்கப் பழகப் பழக, பெரும்பாலான பிள்ளைகளிடம் அது தானாகத் தணிகிறது. “வளர்ந்தா சரியாயிடும்” என்று பாட்டி சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. சிக்கல் மிச்சப் பேரிடம். ஐந்து வயதாகியும் குறையாமல், வீட்டிலும் பால்வாடியிலும் உறவுக்காரர் வீட்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் சிலர், பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததுமே வாத்தியாரின் கோபத்துக்கும் மற்றப் பிள்ளைகளின் ஒதுக்கலுக்கும் ஆளாகிறார்கள். லண்டனில் பத்து வயதில் கடுமையான நடத்தைச் சிக்கல் இருந்த பிள்ளைகளை 28 வயதுவரை கணக்குப் பார்த்த ஸ்டீபன் ஸ்காட் குழுவினர், சிறப்புக் கல்வி, காவல்துறை, நீதிமன்றம், மருத்துவம் என்று அரசுக்கும் சமூகத்துக்கும் அவர்களால் ஆன செலவு மற்றவர்களுக்கு ஆனதைப் போலப் பத்து மடங்கு என்று 2001இல் எழுதினார்கள்.

நம் பக்கத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் எண், நிமான்ஸ் மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டது. பெங்களூரு நகரிலும் சேரிகளிலும் சுற்றுக் கிராமங்களிலுமாக 16 வயதுக்குட்பட்ட 2,064 பிள்ளைகளைப் பார்த்ததில் 12.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. எட்டில் ஒருவர். இந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு பயமுறுத்தக் கூடாது. படுக்கையை நனைப்பது, திக்குவாய், குறிப்பிட்ட பொருள்மேல் பயம் எல்லாம் அதில் அடக்கம். அடமும் எதிர்ப்பும் அதில் ஒரு பகுதிதான்.

அந்தப் பகுதி எப்படி உருவாகிறது என்பதற்கு இன்றுவரை நிற்கும் விளக்கத்தைக் கொடுத்தவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வேலை செய்த ஜெரால்ட் பேட்டர்சன். வீடுகளுக்கே ஆள் அனுப்பி, தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நடப்பதை நொடிக்கு நொடி குறிக்கவைத்தவர். 1982இல் புத்தகமாக வந்த அவருடைய கண்டுபிடிப்பைச் சொல்ல ஓரிகன் போக வேண்டாம், நம் பெட்டிக்கடை போதும். பிள்ளை ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் கேட்கிறது. அம்மா வேண்டாம் என்கிறார். சிணுங்கல். இன்னும் கொஞ்சம் உரக்க, வேண்டாம். அழுகை. “அடி வாங்கப் போற.” பிள்ளை தரையில் விழுகிறது. கடைக்காரர் பார்க்கிறார், சைக்கிளில் போகிறவர் பார்க்கிறார். அம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். சத்தம் நின்றுவிடுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு பேர் பாடம் படித்தார்கள். விழுந்து புரண்டால் கிடைக்கும் என்று பிள்ளையும், கொடுத்துவிட்டால் மானம் தப்பும் என்று அம்மாவும். இன்னொரு நாள் முதுகில் ஒன்று வைக்கிறார், பிள்ளை அடங்குகிறது. அடித்தால் அடங்கும் என்பது அன்றைய பாடம். இப்படியே இருவரும் ஒருவரையொருவர் பழக்கிக்கொண்டு போகிறார்கள். பிள்ளை தன்பாட்டுக்கு அமைதியாக விளையாடும்போது மட்டும் யாரும் அதன் பக்கம் திரும்புவதில்லை, அப்போதுதானே அம்மாவுக்குப் பாத்திரம் கழுவ நேரம் கிடைக்கிறது.

திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரின் நீலி கதை தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அழுது, வழிப்போக்கனான வணிகனைத் தன் கணவன் என்று நம்பவைத்தாள் பேயான நீலி. அவள் அவனைக் கொன்றதும், அவனுக்குத் தங்கள் உயிரை ஈடு சொன்ன எழுபது வேளாளர்கள் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். நான்கு வயதுப் பிள்ளை அழும்போது “நீலிக் கண்ணீர்” என்று நாம் எரிச்சலோடு சொல்வது அந்தப் பேயின் கணக்கைக் குழந்தையின் தலையில் ஏற்றுவது: இது திட்டம் போட்டு ஏமாற்றுகிறது. பேட்டர்சனின் குறிப்பேடுகளில் திட்டம் என்று எதுவும் இல்லை. பலன் கொடுத்த செயல் திரும்ப வருகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் மனதில் ஏறினாலே அம்மாவின் கோபத்தில் பாதி இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

கோபம் இறங்க வேண்டிய தேவை இருக்கிறது. மத்திய அரசு 2007இல் வெளியிட்ட பிள்ளைகள் மீதான வன்முறை பற்றிய ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டதில், மூவரில் இருவர் உடலளவில் அடி உதைக்கு ஆளாகியிருந்தார்கள். வீட்டுக்குள் அடி வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோரை அடித்தவர்கள் பெற்றோர்தான். அந்த 13 மாநிலங்களில் ஆந்திரம் இருந்தது, தமிழ்நாடு இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் வேறு மாதிரி இருக்கும் என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். பள்ளியில் பிரம்புக்கு இடம் கொடுத்த கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் தமிழ்நாடு 2003இல் நீக்கியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நாடு முழுக்க அதைத் தடை செய்தது. வாத்தியார் கையிலிருந்து பிரம்பை வாங்கியாயிற்று. அம்மாவின் கைக்கு மாற்றாக என்ன கொடுத்தோம்?

ஆளுக்கொரு மருத்துவரிலிருந்து வட்டமாக உட்காருவதற்கு

இந்தப் பயிற்சிகளில் பலவற்றுக்கு மூலம் போர்ட்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் 1960களின் கடைசியில் வகுத்த இரண்டு கட்ட முறை. முதல் கட்டத்தில் பெற்றோர் பிள்ளையின் விளையாட்டுக்குள் போகவேண்டும். கட்டளை கிடையாது, கேள்வி கிடையாது, பிள்ளை செய்வதைக் கூடவே பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அது படிந்த பிறகே இரண்டாம் கட்டம்: தெளிவான சொல், கேட்டால் பாராட்டு, கேட்காவிட்டால் முன்பே சொல்லிவைத்த விளைவு. அவரிடமிருந்து கற்றவர்களும் அவரைப் பின்பற்றியவர்களும்தான் பிறகு இத்துறையின் பெரிய பெயர்கள் ஆனார்கள். ஹான்ஃப் தானே எழுதிப் பதிப்பித்தது மிகச் சொற்பம்.

ஆரம்பத்தில் இது ஒரு தாய், ஒரு பிள்ளை, ஒரு சிகிச்சையாளர் என்றே நடந்தது. சியாட்டிலில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் 1980களில் அதை மாற்றினார். செவிலியராகவும் உளவியலாளராகவும் இருந்த அவர், வீட்டில் நடக்கும் சிறு சிறு சம்பவங்களைப் படம்பிடித்து, குழுவாக உட்கார்ந்த பெற்றோருக்குப் போட்டுக் காட்டி, “நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?” என்று பேசவிட்டார். தனித்தனியாகச் சிகிச்சை பெற்ற குடும்பங்களுக்கு இணையாக இந்தக் குழுக்களும் முன்னேறின, சிகிச்சையாளர் செலவிட்ட நேரமோ மிகக் குறைவு. இன்று ‘இன்க்ரெடிபிள் இயர்ஸ்’ என்ற பெயரில் பல நாடுகளில் நடப்பது அதன் வழிவந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மாத்யூ சாண்டர்ஸ் உருவாக்கிய ‘டிரிபிள் பி’ இன்னொரு திட்டம்; ஊருக்கே பொதுவான விளம்பரத்திலிருந்து கடும் சிக்கலுள்ள குடும்பத்துக்கான சிகிச்சைவரை ஐந்து அடுக்குகள் கொண்டது.

குழு என்பது சிக்கனத்துக்காக வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கனடாவின் ஹாமில்டன் நகரில் சார்லஸ் கன்னிங்ஹாம் 1995இல் வெளியிட்ட சோதனை அதற்கு மேல் ஒன்றைச் சொன்னது. பள்ளிக்கூடங்களிலும் குடியிருப்புப் பகுதிகளிலும் நடந்த பெரிய குழுக்களையும் மருத்துவமனையில் தனியாக நடந்த சிகிச்சையையும் ஒப்பிட்டார். குழு ஆறு மடங்குக்கு மேல் செலவைக் குறைத்தது, சரி. ஆனால் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களும், ஆங்கிலம் இரண்டாம் மொழியானவர்களும், பிள்ளையின் சிக்கல் கடுமையாக இருந்தவர்களும் மருத்துவமனைச் சிகிச்சையைவிடக் குழுவில்தான் அதிகம் சேர்ந்தார்கள். மருத்துவமனைப் படி ஏறினால் “உன் பிள்ளைக்கு என்னவோ கோளாறு” என்றாகிவிடும். பக்கத்துத் தெருவில் நடக்கும் கூட்டத்துக்குப் போனால் அப்படி இல்லை.

ஆதாரம் எவ்வளவு கனம்

2012இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு மூன்று முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கலுக்கான குழுப் பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, 13 சோதனைகள், 1,078 பேர் என்று அளந்தது. பிள்ளைகளின் சிக்கல் மிதமான அளவில் குறைந்திருந்தது. பெற்றோர் சொன்னதில் மட்டுமல்லாமல், வெளியாள் நேரில் பார்த்துக் குறித்ததிலும் அது தெரிந்தது. பெற்றோரின் மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே குறைந்தன. சராசரிக் குடும்பத்தின் பிள்ளையைச் சிக்கல் எல்லையிலிருந்து வெளியே கொண்டுவர ஏறத்தாழ 2,500 டாலர் செலவு என்றும் கணக்கிட்டார்கள். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2013இல் இதையே முதல் சிகிச்சையாக்கியது: மூன்றிலிருந்து பதினொரு வயதுவரை, குழுவுக்கு 10 முதல் 12 பெற்றோர், 10 முதல் 16 சந்திப்புகள். உலக சுகாதார நிறுவனம் 2023 வழிகாட்டுதலில் வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கும் சேர்த்தே பெற்றோர் பயிற்சியைப் பரிந்துரைத்திருக்கிறது.

ஆனாலும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியது இருக்கிறது. இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றில் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவர்கள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள். ஒன்றுமே கிடைக்காதவரோடு ஒப்பிட்டால் எதுவும் கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும். டிரிபிள் பி பற்றிய 33 ஆய்வுகளை 2012இல் அலசிய பிலிப் வில்சன் குழுவினர், ஏறக்குறைய எல்லாமே அத்திட்டத்தோடு தொடர்புடையவர்களே எழுதியவை, பெரும்பாலும் அம்மா சொன்னதே அளவுகோல் என்று காட்டினார்கள். விற்பவரே தராசைப் பிடித்த கதை. பர்மிங்ஹாம் நகரில் அரசுத் துறைகள் மூலம் நடத்திப் பார்த்தபோது இன்க்ரெடிபிள் இயர்ஸ் பலன் காட்டியது, டிரிபிள் பி காட்டவில்லை. காத்திருப்புப் பட்டியல்காரர்களுக்கும் பிறகு பயிற்சி கொடுத்துவிடுவதால், பத்தாண்டு கழித்து யார் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்விக்குச் சுத்தமான விடை கிடைப்பதில்லை. இன்னொரு பெரிய ஓட்டை, ஆள் நிற்காதது. அமெரிக்காவிலும் பிற இடங்களிலும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிய அனில் சாக்கோ, பயிற்சி தேவை என்று அடையாளம் காணப்பட்டவர்களில் கால் பங்கு சேர்வதே இல்லை, இன்னொரு கால் பங்கு பாதியில் நின்றுவிடுகிறது என்கிறார். இங்கிலாந்தில் அரசு 100 பவுண்டுக்கான சீட்டை மருந்துக் கடைகளில் வைத்துக்கூட எல்லாப் பெற்றோரையும் வகுப்புக்கு அழைத்துப் பார்த்தது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை.

வேல்ஸ் நாட்டுச் சோதனை எனக்குப் பிடித்தது, காரணம் அது மருத்துவமனைக்குள் நடக்கவில்லை. ஜூடி ஹட்ச்சிங்ஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட அதில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுள்ள 153 ஏழைக் குடும்பங்கள், 12 வாரம், நடத்தியவர்கள் அந்தந்த வட்டாரத்தின் சாதாரண ஊழியர்கள். வண்டிக் கட்டணம், சாப்பாடு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். பலன் கிடைத்தது, நிலைத்தது. லண்டனின் தென் பகுதியில் 2012இல் வெளிவந்த இன்னொரு சோதனையில் பாடம் நடத்தியவர்கள் நிபுணர்களே அல்லர். அதே பகுதியைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற அம்மா அப்பாக்கள். 116 குடும்பங்கள் பங்கேற்ற அதில், பயிற்சிக்கு வந்தவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கடைசிவரை நின்றன. அங்கே கடைத்தெருச் சீட்டு தோற்றது, இங்கே பக்கத்து வீட்டுக்காரி ஜெயித்திருக்கிறார்.

பயிற்சியின் எந்தப் பகுதி வேலை செய்கிறது? பட்டி லெய்டன் 2019இல் 154 சோதனைகளைப் பிரித்துப் பார்த்தார். பாராட்டும், செயலுக்கு இயல்பாகத் தொடரும் விளைவும் சேர்ந்த திட்டங்களில் பலன் கூடுதல். பெற்றோருக்கு எவ்வளவு செய்தி சொன்னோம் என்பதைவிட அவர்களை என்ன செய்துபார்க்க வைத்தோம் என்பதையே மற்ற ஆய்வுகளும் சுட்டுகின்றன.

வேலூரில் நடந்தது

இந்தக் கடைசி விஷயத்தை நேருக்கு நேர் சோதித்த ஆய்வு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அந்த மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு மரபு உண்டு: நோயாளியோடு குடும்பத்தையும் கூடத் தங்கவைப்பது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் மருத்துவர் வித்யா சாகர் வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டு உறவினர்களைத் தங்கவைத்து, அவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசிய முறை தெற்கே வேலூரில் நிலைகொண்டது. ஆக, குடும்பங்களை வட்டமாக உட்காரவைத்துச் சிகிச்சை பேசுவது சியாட்டிலிலிருந்து கப்பலில் வந்த சரக்கு அன்று.

பால் ரஸ்ஸல் குழுவினர் 1999இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியிட்ட அந்தச் சோதனையில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 57 பேர் இருந்தார்கள். சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பாதியினருக்குப் பத்து வாரம் விரிவுரை, மறுபாதியினருக்கு அதே பத்து வாரம் குழுவாக உட்கார்ந்து கேள்வி, பதில், அனுபவப் பகிர்வு. இரண்டு பக்கமும் நிபுணர்கள்தான், இரண்டு பக்கமும் நேரம் ஒன்றுதான். ஒன்றுமே பெறாதவரோடு ஒப்பிடும் மேற்கத்தியச் சோதனைகளின் குறை இதில் கிடையாது. குழுவில் பேசியவர்களின் வளர்ப்பு முறை பற்றிய எண்ணமும், பிள்ளையைச் சமாளிப்பது பற்றிய மனப்பாங்கும், அறிவும் குறிப்பிடத்தக்க அளவு மாறின. மாறாதது ஒன்று: குறைபாடு என்ற அந்த நிலையின்மேல் அவர்களுக்கு இருந்த மனப்பாங்கு. ஊரும் உறவும் சேர்ந்து கட்டிய எண்ணத்தைப் பத்து வாரம் அசைத்துவிடாது போலும்.

57 பேர் சிறிய எண்ணிக்கை. அளந்தது பெற்றோரின் மனப்பாங்கை, பிள்ளையின் நடத்தையை நேரடியாக அல்ல. பிள்ளைகளும் வேறு வகையினர். இதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், தமிழ்நாட்டின் விழிப்புணர்வு முகாம் கலாச்சாரத்துக்கு இது கொடுத்த அடி பெரியது. மேடை, மைக், பதாகை, சிறப்பு விருந்தினர், கடைசியில் தேநீர். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் கைக்குழந்தையோடு அம்மாக்கள். அங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் சரியான செய்திதான், தவறு ஒன்றும் இல்லை. வேலூரில் விரிவுரை கேட்டவர்களுக்கும் சரியான செய்திதான் சொல்லப்பட்டது.

இந்தப் பக்கத்து வீடுகளுக்குள்

ஒரு நாட்டில் உருவான பயிற்சி வேறு நாட்டில் எடுபடுமா என்ற கேள்விக்கு ஃபிரான்சஸ் கார்ட்னர் 2016இல் தொகுத்த விடை வியப்பானது. பண்பாட்டில் தொலைவான நாடுகளிலும் பலன் குறையவில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் புறநகர்க் குடியிருப்புகளில், உலக சுகாதார நிறுவனமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்த திட்டத்தில் காணொளிக்குப் பதில் படக்கதைகளை வைத்தார்கள். அங்கத்திய வட்டக் குடிசையையே பாடமாக்கினார்கள்: முதலில் சுவர், அது விளையாட்டும் பாராட்டும், கூரை, அதாவது கண்டிப்பு, கடைசியில். 296 குடும்பங்களில் பெற்றோரின் நடத்தை மாறியது, பிள்ளைகளின் நடத்தையில் முடிவு கலவையாக இருந்தது. மணிலாவில் அரசின் பண உதவித் திட்டத்தோடு இணைத்து நடத்தியபோது பிள்ளைகள்மேல் வன்முறை குறைந்தது. நமக்குப் பொருந்தும் மாதிரி மணிலாவுடையது என்பேன். புதிதாக ஒரு துறை தொடங்காமல், ஏற்கெனவே குடும்பத்தோடு பழகும் ஏற்பாட்டின் முதுகில் ஏறிப் போனது.

திருவாலங்காட்டுப் பக்கம் வரும்போது முதலில் தடுக்குவது பாராட்டு. ஆதாரம் மிகுந்த அந்த ஒரு பகுதிதான் இங்கே வாயில் வராது. பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்ணு பட்டுவிடும். வெள்ளி, ஞாயிறு சாயங்காலம் உப்பு மிளகாய் சுற்றிப்போடும் வீட்டில் “எம் பையன் எவ்ளோ சமத்து” என்று பத்துப் பேர் முன்னால் எந்த அம்மாவும் சொல்ல மாட்டார். இதை மூடநம்பிக்கை என்று அடித்துப் பேசும் பயிற்சியாளர் அடுத்த வாரம் காலி நாற்காலிகளோடு பேச வேண்டிவரும். தேவையும் இல்லை. பயிற்சி கேட்பது பிள்ளையைப் புகழ்வதை அல்ல, செயலைப் பார்த்துச் சொல்வதை. “செருப்பை ஓரமா வச்சிட்டியே” என்றால் போதும். அதற்குத் திருஷ்டி கிடையாது.

அடுத்தது, கண்டுகொள்ளாமல் இருப்பது. சிணுங்கலுக்கு முகம் கொடுக்காமல், அடங்கியதும் உடனே முகம் கொடுக்க வேண்டும். தனிக்குடித்தன அமெரிக்க வீட்டில் இது இருவர் சம்பந்தப்பட்டது. இங்கே பாட்டி இருக்கிறார், சின்ன மாமனார் இருக்கிறார், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்க்கிறார். “பச்சப் புள்ளைய அழவிட்டு வேடிக்கை பாக்கறா” என்று ஒரு குரல் வந்தால் முடிந்தது. பாட்டி தூக்கி மடியில் போட்டு வெல்லத் துண்டைக் கையில் கொடுத்துவிடுவார். எனவே மருமகளை மட்டும் கூப்பிடும் குழு இங்கே பாதிக் குழு. மாமியாரும் ஒரே வட்டத்தில் உட்காருவது சங்கடம்தான். மருமகள் வாய் திறக்க மாட்டார். பாட்டிகளுக்கு மட்டும் தனியாக மூன்று நான்கு சந்திப்புகள் வைத்துவிட்டுப் பிறகு சேர்ப்பது நடக்கக்கூடிய வழி. பாட்டியைப் பகையாளியாக நினைக்கும் பயிற்சி ஏடுகளைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது, பிள்ளையோடு உட்கார்ந்து கதை சொல்லிச் சோறு ஊட்டும் பொறுமை அந்த வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது? ஹான்ஃபின் முதல் கட்டத்தைப் பாட்டிகள் பெரும்பாலும் முன்பே முடித்துவிட்டார்கள். அவர்களுக்குத் தேவை இரண்டாவது.

ஓரமாக ஒரு நாற்காலியில் சில நிமிடம் உட்காரவைப்பது என்ற முறைக்கு இடமே தடை. ஒற்றை அறை வீட்டில் எந்த ஓரம்? திண்ணை தெருவைப் பார்த்திருக்கிறது, அங்கே உட்காரவைத்தால் அது தண்டனை ஆகாது, பொழுதுபோக்கு. கேட்டதைச் சற்று நேரம் தராமல் வைத்திருப்பது, கொட்டியதைப் பிள்ளையையே அள்ளவைப்பது போன்றவை இங்கே எளிது. பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர் ஆகிய மூவரை விட்டுவிடச் சொல்வதுதான் உண்மையில் கடினமாக இருக்கும்.

மொழி இன்னொன்று. 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த திருத்தணி வட்டம் இது. எத்தனையோ வீடுகளில் அடுப்படிப் பேச்சு தெலுங்கு, பள்ளிக்கூடம் தமிழ். பிள்ளையைக் கொஞ்சுவதும் திட்டுவதும் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் நடித்துப் பார்த்தால்தான் நாக்குக்குப் பழகும். அச்சிட்ட தமிழ்க் கையேட்டை நம்பாமல், இரண்டும் பேசும் ஊர்க்காரப் பெண்ணை நம்புவதே இதற்கு வழி.

யார் நடத்துவது

மணிலாவைப் போல ஏறிப் போக நம்மிடம் முதுகுகள் பல இருக்கின்றன. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கியபோது, ஊர்தோறும் ஊட்டச்சத்துப் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்க வைத்திருந்த விருப்ப விதி ஒன்று அருமையானது: ஏழைக் குடும்பத்துப் பெண்ணாக இருக்க வேண்டும், ஆனால் அவருடைய சொந்தப் பிள்ளை ஊட்டமாக இருக்க வேண்டும். இதே வருமானத்தில் இவரால் முடிந்தது என்ற ஒன்றே பக்கத்து வீட்டுக்காரிக்குப் போதுமான சான்று. அத்திட்டம் ஊரில் மாதர் குழுக்களையும் வைத்திருந்தது. லண்டன் சோதனைக்கு முப்பது ஆண்டு முன்னால் நாம் பிடித்த வழி அது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று எல்லா ஊரிலும் உண்டு. வட்டமாக உட்கார்ந்து கணக்குப் பேசப் பழகிய பெண்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்களும் அந்தக் குழுக்களிலிருந்தே வந்தவர்கள்.

பால்வாடி டீச்சரின் தலையிலேயே இதையும் கட்டிவிடலாம் என்று அதிகாரிகளுக்குத் தோன்றும். கூடாது. எடை, சத்துமாவு, முட்டைக் கணக்கு, செயலி, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை என்று அவருக்கு ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது. அவர் இடத்தைக் கொடுத்து, தேவைப்படும் குடும்பத்தைச் சுட்டிக்காட்டினால் போதும். நடத்துவது பயிற்சி பெற்ற இரண்டு ஊர்ப் பெண்கள், அவர்களுக்கு மாதமிருமுறை கூட உட்கார்ந்து சந்தேகம் தீர்க்க ஓர் உளவியலாளர். இந்தக் கடைசி ஆளுக்கான சம்பளத்தைத்தான் திட்டங்கள் முதலில் வெட்டும். வெட்டினால் ஆறு மாதத்தில் குழு மறுபடி முகாமாகிவிடும்.

சாதியைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. மையம் ஊரில் இருந்தால் காலனிப் பெண்கள் வருவது குறையும், காலனியில் இருந்தால் மறுபக்கம் குறையும். பிள்ளைகள் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், அம்மாக்கள் ஒன்றாக உட்கார்ந்து “என் புள்ள என் பேச்சக் கேக்கறதில்ல” என்று சொல்லவேண்டும் என்றால் அது வேறு அளவு நம்பிக்கை. இருளர் குடியிருப்புகளும், ஒடிசாவிலிருந்து வந்து மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் பருவம் முழுக்க வேலை செய்யும் குடும்பங்களும் எந்த வட்டத்துக்குள்ளும் தாமாக வந்து சேரமாட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் குழுப் பயிற்சிக்கு முன்னால் தேவைப்படுவது வேறு பல.

அப்பாக்கள்? உலகெங்கும் இந்தக் குழுக்கள் அம்மாக்களின் குழுக்களாகவே இருக்கின்றன. முதல் வண்டி பிடித்து அம்பத்தூர்ப் பக்கம் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவரையும், கரும்பு வெட்டுக்குப் போனவரையும் செவ்வாய் மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டுப் பயனில்லை. ஞாயிறு காலை கூப்பிடலாம், சிலர் வருவார்கள். டாஸ்மாக்கிலிருந்து வந்து அம்மாவை அடிக்கும் அப்பா உள்ள வீட்டில், பிள்ளையைப் பாராட்டும் கலையை அந்த அம்மாவுக்குச் சொல்லித்தருவது கொடுமை. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. அதற்கான வழியைக் குழு நடத்தும் பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒன்றியத்தில் ஆறு மையங்களை எடுத்து, மூன்றில் இப்போது தொடங்கி, மூன்றில் விரிவுரை மட்டும் வைத்து ஆறு மாதம் கழித்துக் குழுவைத் தொடங்கலாம். வேலூர் செய்த ஒப்பீடு அப்படியே கிடைத்துவிடும், இம்முறை பிள்ளையின் நடத்தையையும் சேர்த்து. அம்மா சொல்வதை மட்டும் எழுதிக்கொள்ளாமல், யார் எந்தப் பக்கம் என்று தெரியாத கல்லூரி மாணவர் ஒருவர் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேட்டர்சன் பாணியில் குறித்துவர வேண்டும். சந்திப்பு நேரத்தை நூறு நாள் வேலை முடிந்து, பள்ளி விடுவதற்குள் வைக்க வேண்டும். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், சுண்டல் வேண்டும். பலன் இல்லை என்று முடிவு வந்தால் அதையும் அச்சிட வேண்டும்.